நாற்பதுக்கு முப்பத்தொன்று

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறையைத் தாண்டி, தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம்தான் சலவைக்கூடம். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்டவர்கள் வாசலிலேயே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். ஒரு ஓரத்தில் வார்டுகளிலிருந்து அழுக்கு மூட்டைகள் வந்து இறங்கும். அதைப் பிரிக்கிறவர்கள் கையுறை போட்டிருப்பார்கள். துணியோடு துணியாக ஊசி வரும், கத்தரிக்கோல் வரும், ஒரு தடவை யாரோ ஒருவருடைய பல் செட்டே வந்தது. நடுவில் ஆளுயரத்துக்கு ஆறு வாஷிங் மெஷின். கடைசியில் ரோலர்.

ரோலர் என்பது ஒன்றையொன்று ஒட்டிச் சுழலும் இரண்டு பெரிய இரும்பு உருளைகள். உள்ளே ஆவி ஓடுவதால் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஓரம் கோணாமல் அதன் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் காகிதம் மாதிரி விறைப்பாக வெளியே வரும். ஒரு ஷிப்டுக்கு எழுநூறு விரிப்பு.

அந்த வாயில் பத்தொன்பது வருஷமாக நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அண்ணி, இன்னொருத்தி நெட்டை. அண்ணி உண்மையில் நெட்டைக்கு மட்டும்தான் அண்ணி, அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. நெட்டை கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூடம் முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. சூப்பர்வைசர்கூட "அண்ணி, இன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர் துணி மொதல்ல" என்பார். நெட்டைக்குப் பெயர்க்காரணம் தேவையில்லை. மேல் தட்டில் இருப்பதை எடுக்க அவள் ஸ்டூல் தேடியதில்லை.

இருவரையும் வேலையில் சேர்த்துவிட்டது நெட்டையின் அண்ணன்தான். அதே கூடத்தின் பாய்லர் அறையில் இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். டாக்டர்கள் நூறடி தூரத்தில் இருந்தார்கள். தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த இரண்டாவது மாடி வீட்டில் மூன்று பேர். அண்ணி, நெட்டை, நெட்டையின் அப்பா. பெரியவருக்கு இரண்டு வருஷமாக நினைவு நிற்கவில்லை. மற்றதெல்லாம் போனாலும் மகன் மட்டும் போகவில்லை. காலையில் எழுந்ததும், "பையன் எங்கம்மா?" என்று கேட்பார்.

"டூட்டிக்குப் போயிருக்கான்ப்பா. சாயங்காலம் வந்துடுவான்" என்பாள் நெட்டை.

அவ்வளவுதான். பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கீழ்வீட்டுத் தையல்காரர் இரண்டு தடவை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். இவர்கள் இருவரும் மூன்று மணிக்கு ஷிப்டு முடித்துத் திரும்பும்போது பெரியவர் அதே நாற்காலியில் இருப்பார். நெட்டை குளிக்கப் போவாள், அல்லது காய்கறி வாங்கப் போவாள். இருட்டத் தொடங்கும்போது பெரியவர் அண்ணியைப் பார்ப்பார்.

"இன்னும் வரலையேம்மா."

அண்ணிக்குப் பொய் வராது. முதலில் மெதுவாகச் சொல்வாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். பெரியவர் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிற மாதிரி அழுவார். அழுது களைத்து, முட்டையும் ரொட்டியும் இரண்டு வாய் தின்று தூங்கிப்போவார். காலையில் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

இதைப் பற்றி அண்ணியும் நெட்டையும் ஒரே ஒரு தடவை பேசினார்கள்.

"நீங்க ஏன் அண்ணி சொல்றீங்க? தெரியாம இருந்துட்டுப் போறாரே."

"நீ ஏன் வருவான்னு சொல்ற? நாள் பூரா அந்த ஜன்னல்லயே கிடக்கறாரே, அது உனக்குத் தெரியலையா?"

அதன் பிறகு பேசவில்லை. ஒன்றாகவே பஸ் ஏறினார்கள், ஒன்றாகவே விரிப்பு பிடித்தார்கள். நாளைக்கு எழுநூறு தடவை எதிரெதிரே முகம் பார்த்தார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த மனநல ஆலோசகர் ஒரு கட்டுத் தாளோடு கூடத்துக்கு வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஊழியர்களுக்கு மன அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம், எப்போதுமே என்றால் நாலு, நடுவில் மற்றது. மொத்தம் நாற்பது.

"அழுத்தம்னா ரோலர்லதாம்மா இருக்கு. அதுல கொண்டுபோய்க் கேளு" என்றார் மூட்டை வண்டி டிரைவர்.

"பிரஷர்தானே பாக்கணும்? கையில கட்ற பட்டையக் காணோமே" என்றாள் துணி பிரிக்கிறவள்.

அந்தப் பெண்ணும் சிரித்தாள். "இது வாயால பாக்கற பிரஷர்க்கா. நீங்க சொல்றதுதான் அளவு. யார்கிட்டயும் காட்ட மாட்டேன். பேர்கூடப் பார்க்க மாட்டாங்க, எனக்கு மட்டும்தான்."

அன்றிலிருந்து அவளுக்குக் கேள்விப் பொண்ணு என்று பெயர் விழுந்தது.

முக்கால்வாசிப் பேர் டீ நேரத்திலேயே தாளை வாங்கி, வரிசையாகப் பூஜ்யத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நெட்டையும் அப்படித்தான். "இல்ல, இல்ல, இல்ல" என்று பத்தையும் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அண்ணிக்குக் கிட்டப் பார்வை சரியில்லை. அதனால் கேள்விப் பொண்ணு அவளைச் சலவைத் துணி அடுக்கும் அறைக்குக் கூட்டிப்போய், ஒரு தலையணைக் கட்டின் மேல் உட்கார வைத்து, கேள்விகளை வாசித்துக் காட்டினாள். அறை வெதுவெதுப்பாக இருந்தது. கதவைச் சாத்தியதும் மெஷின் சத்தம் அடங்கிவிட்டது. அண்ணிக்கு அதுவே புதிதாக இருந்தது.

"போன ஒரு மாசத்துல, எதிர்பார்க்காத ஒண்ணு நடந்து மனசு கலங்கிப் போச்சா?"

"எதிர்பார்க்காததுன்னு ஒண்ணும் நடக்கலம்மா. தெனம் நடக்கறதுதான் நடக்குது. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்ல ஒரு சாவு விழும்."

பெண் பேனாவை நிறுத்தினாள். "என்னக்கா?"

அண்ணி சொன்னாள். ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. பெண் இடையிடையே, "நம்பரா சொல்லுங்கக்கா" என்று ஞாபகப்படுத்தினாள்.

"உங்க கையில இல்லாத விஷயத்துக்காகக் கோபம் வந்துச்சா?"

"வந்துச்சு. அவமேலதான் வருது. நெட்ட மேல. காலைல பொய் சொல்றவ அவ, சாயங்காலம் பதில் சொல்றவ நான். எதிர்ல நின்னு விரிப்பு புடிக்கும்போதுகூட மனசுக்குள்ள அவளத் திட்டிக்கிட்டேதாம்மா இருக்கேன். அவளுக்கும் அண்ணன்தான். எனக்குத் தெரியாம இல்ல. ஆனா வருது."

"எத்தனை தடவை வரும்? நம்பரா சொன்னா..."

"நாலு போட்டுக்கோ."

பெண் நாலைச் சுழித்து, ஓரத்தில் 'நாத்தனார்' என்று சின்னதாக எழுதிக்கொண்டாள். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது முப்பத்தொன்று வந்தது.

"நெறையவா?" என்றாள் அண்ணி, பரீட்சை எழுதியவள் மாதிரி.

"நெறையதான்க்கா. நீங்க வாரத்துக்கு ஒரு நாள் என்கிட்ட வந்து பேசலாம்."

"பேசினா கொறையுமா?"

"கொஞ்சம்."

அடுத்த வாரம் போக வேண்டும் என்றுதான் அண்ணி நினைத்திருந்தாள். அதற்குள் அது நடந்துவிட்டது.

ரோலரின் வாய்க்குக் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். ஆனால் தடித்த மடிப்பு பட்டாலும் நின்றது. ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு முறை நின்றால் எழுநூறு எப்படி முடியும்? மழைக்காலத் தொடக்கத்தில் சூப்பர்வைசரே கிழிந்த தலையணை உறையை நாடாவாகக் கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார். ஃபிட்டர் வருவார் வருவார் என்று மாதங்கள் ஓடின.

அன்று பிரசவ வார்டு விரிப்பு. முனை சுருண்டுகொண்டு போனது. நெட்டை அதை நீவிவிடக் கையை நீட்டினாள். சட்டைக் கையின் ஓரம் மாட்டியது. மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அண்ணியின் பக்கம். அண்ணி அடித்தாள். உருளை நிற்பதற்கு முன் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது. நெட்டை கத்தவே இல்லை. "அண்ணி" என்று மட்டும் சொன்னாள், பாத்திரத்தை இறக்கி வைக்கச் சொல்கிற மாதிரி.

வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அண்ணியை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவள் தினமும் பெரியவருக்கு ஊட்டிவிட்டு, நெட்டையின் வார்டுக்கு வந்து உட்கார்ந்தாள். கட்டிலில் விரித்திருந்தது அவர்கள் கூடத்து விரிப்புதான். ஓரம் கோணியிருந்தது. இப்போது வேறு யாரோ பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பா சாப்ட்டாரா?" என்றாள் நெட்டை.

"சாப்ட்டார். ரொட்டிய சூப்புல நனைச்சுக் குடுத்தேன்."

"என்னக் கேட்டாரா?"

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். "கேட்டார். டூட்டிக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவான்னு சொன்னேன்."

 "நீங்களுமா அண்ணி" என்றாள் நெட்டை.

 அண்ணிக்கு உள்ளே ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. பொத்தானை உடனே அடித்தேனா? அன்று காலையும் பெரியவரை நினைத்து நெட்டையை மனசுக்குள் திட்டிக்கொண்டுதானே நின்றிருந்தாள். கண் விரிப்பின்மேல் இருந்ததா, எங்கே இருந்தது? ஒரு நொடியா, இரண்டு நொடியா? கேட்பதற்கு ஒரே ஆள்தான் இருந்தாள். அவளிடம் கேட்க வாய் வரவில்லை.

மூன்றாவது வாரம் விசாரணை. நிர்வாக அலுவலகத்தில் நீள மேஜை. நடுவில் நிர்வாக அதிகாரி, ஒரு பக்கம் சூப்பர்வைசர், இன்னொரு பக்கம் எழுதுகிறவர். மூலையில் கேள்விப் பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நெட்டை கையைத் துணிக்கட்டில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தாள். முகம் வற்றி இன்னும் உயரமாகத் தெரிந்தாள்.

சூப்பர்வைசர் முதலில் சொன்னார். தடுப்புக் கம்பி சரியாகத்தான் இருந்தது, பொத்தான் தாமதமாக அடிக்கப்பட்டது, அவ்வளவுதான். அண்ணியின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். பத்துக் கேள்வித் தாள் என்று அண்ணிக்குத் தூரத்திலேயே தெரிந்தது. தூரப் பார்வை அவளுக்கு நன்றாகவே இருந்தது.

"விபத்துக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடி எடுத்தது. நாற்பதுக்கு முப்பத்தொன்று. கடுமையான மன அழுத்தம்னு போட்டிருக்கு. கூட நின்னவங்களுக்கு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். அப்போ யாரோட கவனம் சிதறியிருக்கும்?"

"சார், அது ரகசியம்னு சொல்லித்தான் நான்..." என்று எழுந்தாள் கேள்விப் பொண்ணு.

"உக்காரும்மா. ஆஸ்பத்திரி சம்பளத்துல எடுத்த தாள் ஆஸ்பத்திரிக்கு ரகசியமா?" அவர் தொடர்ந்தார். "அஞ்சாவது கேள்வி. கோபம் வருதா? நாலு. ஓரத்துல ஒரு குறிப்பு. நாத்தனார்." தலையை நிமிர்த்தினார். "எதிர்ல நின்னு வேலை பார்க்கறவங்க மேல எப்பவும் கோபம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இல்லைன்னு சொல்றீங்களா?"

அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.  நெட்டையின் பக்கம் திரும்ப முடியவில்லை. ரோலரில் தன் கையே போயிருக்கலாம் என்று தோன்றியது.

"சொன்னேன் சார்" என்றாள்.

எழுதுகிறவர் அதை எழுதினார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா?" என்றாள் நெட்டை.

"சொல்லுங்க."

"அந்தப் பூஜ்யம் பொய்ங்க. டீ ஆறிடும்னு பத்தையும் இல்லன்னு சொல்லிட்டுப் போனேன். எங்க அண்ணன் செத்து ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் எங்க அப்பாகிட்ட அத என்னால சொல்ல முடியல. தெனம் அண்ணிதான் சொல்றாங்க. சொல்ற நேரத்துல நான் குளியலறையில தண்ணியத் தொறந்து விட்டுட்டு நிப்பேன், காதுல விழாம இருக்கட்டும்னு. அதுக்கு எத்தன மார்க்குன்னு எனக்குத் தெரியாது. பூஜ்யம் இல்ல."

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நெட்டை நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"கோபம் இருந்தா இருக்கட்டும். எனக்கும் அவங்க மேல இருக்கு. கம்பி சரியா இருந்துச்சுன்னு இவர் சொல்றார். மழை ஆரம்பிச்சப்பவே அதத் தூக்கிக் கட்டியாச்சு, தலையணை உறை நாடால. கட்டினது இவர்தான். ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினார், நான் ஸ்டூலப் புடிச்சேன். இப்பப் போய்ப் பாருங்க, அவுத்திருக்க மாட்டாங்க. வேற ரெண்டு பேர் அதுலதான் நிக்கறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அண்ணி உடனே அடிச்சுட்டாங்க பொத்தான. என் கண்ணால பார்த்தேன்."

சூப்பர்வைசர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி எழுதுகிறவரைக் கூடத்துக்கு அனுப்பினார். அவர் போய்ப் பார்த்தார். வந்து, "கட்டித்தான் இருக்கு சார்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேள்விப் பொண்ணு பின்னாலேயே வந்தாள். கண் சிவந்திருந்தது. "ஃபைலக் கேட்டாங்க அக்கா. குடுக்க மாட்டேன்னு சொல்லிருக்கணும். என் ஒப்பந்தம் ஒரு வருஷம்தான், பயந்துட்டேன். மன்னிச்சுடுங்க."

 மன்னித்ததாக அண்ணி சொல்லவில்லை.  "நீ கேட்ட அன்னிக்கு நான் நல்லாத் தூங்கினேம்மா. என்ன எப்படி இருக்கன்னு ஆறு வருஷமா யாரும் உக்கார வெச்சுக் கேட்டதில்ல. அதான் எல்லாத்தையும் கொட்டிட்டேன். இனிமே யாராவது கேட்டா வாய் தொறக்க மாட்டேன். அது மட்டும்தான் வருத்தம்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நெட்டை ஜன்னல் பக்கம், அடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து நிறுத்தம் போன பிறகு கேட்டாள்.

"நாலுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"மூணுன்னு சொல்லிருக்கலாம்."

"அன்னிக்கு நாலுதான் இருந்துச்சு."

நெட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று அண்ணிக்குத் தெரியவில்லை.

முடிவு பத்து நாளில் வந்தது. சூப்பர்வைசரை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். தடுப்புக் கம்பியைச் சரி செய்தார்கள். ஃபிட்டருக்கு அரை மணி நேர வேலை. அண்ணிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் போட்டார்கள். நெட்டைக்கு ஆஸ்பத்திரியில் இனி வேலை இல்லை. மூன்று விரல் இல்லாத கையால் செய்யக்கூடியது எதுவும் சலவைக்கூடத்தில் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கூடத்தில் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்தார்கள். டிரைவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டில் நெட்டை இடது கையால் பழகிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் வாய்க்குப் போகும் வழியில் திசை மாறும். உருளைக்கிழங்குத் தோல் உரிக்கும்போது கிழங்கு மேஜைக்குக் கீழே ஓடும். பட்டன் போடவும் தலை வாரவும்தான் முடியவில்லை. அதை அண்ணி செய்தாள்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். நெட்டை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அண்ணி பின்னால் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் மட்டும்தான் அந்தத் தலை அவளுக்கு எட்டும். உச்சியில் இவ்வளவு நரை இருப்பதைப் பத்தொன்பது வருஷம் எதிரே நின்றும் பார்த்ததில்லை.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் அண்ணி. முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் வாய் வந்தது. "நான் லேட்டாதான் அடிச்சேனா?"

நெட்டை அசையவில்லை. வெளியே யாரோ சைக்கிளை இழுத்துப் படியேற்றுகிற சத்தம் கேட்டது.

"தெரியல அண்ணி."

"பார்த்தேன்னு சொன்னியே."

"நான் என் கையத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அண்ணியின் கை நின்றது. சீப்பு முடிக்குள் அப்படியே இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தெரியாமலேயே மீதிக் காலத்தையும் ஓட்ட வேண்டும் என்று மட்டும் புரிந்தது. இரண்டு பேருக்கும்தான். பிறகு சிக்கை நுனியிலிருந்து மறுபடி எடுக்கத் தொடங்கினாள்.

"அண்ணி."

"ம்."

"அந்தப் பத்துக் கேள்வியும் ஞாபகம் இருக்கா?"

"வரிசை தெரியாது. கேள்வி தெரியும். எதுக்கு?"

"கேளுங்க. நான் சரியாச் சொல்லலையே."

"இப்பப் போய் எதுக்கு, யாருக்குக் குடுக்க?"

"யாருக்கும் இல்ல. கேளுங்க."

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். கேள்விப் பொண்ணு வாசித்த மாதிரியே கேட்கப் பார்த்தாள். கூச்சமாக இருந்தது. "போன ஒரு மாசத்துல, எதிர்பார்க்காத ஒண்ணு நடந்து மனசு கலங்கிச்சா?"

நெட்டை மடியில் கிடந்த கையைப் பார்த்தாள்.  பிறகு கையைப் பற்றிச் சொல்லாமல், அண்ணன் செத்த அன்று மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஆபரேஷன் தியேட்டர் துணி பாதியில் நின்றது, பாய்லர் அறைக்கு ஓடியது, அவன் செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது, அதைத் தேடிக்கொண்டு தான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது, அதனால் கடைசியாக அவன் முகத்தைப் பார்க்காதது. அண்ணிக்கு இதில் பாதி தெரியாது.

நம்பராகச் சொல் என்று அவள் கேட்கவில்லை. பின்னல் முடிந்த பிறகும் அவிழ்த்து மறுபடி பின்னினாள். வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்தும் போயிற்று.

அன்று மூன்று கேள்விதான் முடிந்தது.